கார் மின்னட்டும்! கை கெடாமல் இருக்கட்டும்!

காலை 5 மணி. தாராவியில் இன்னும் இருட்டு விலகவில்லை. 90 அடி சாலையில் டீக்கடை திறந்துவிட்டது. கையில் வாளியும் துணியுமாகச் சிலர் நடக்கிறார்கள். சிலர் சயான் பக்கம் போகிறார்கள். சிலர் மாட்டுங்கா பக்கம் போகிறார்கள். சிலர் பஸ் ஏறிச் செம்பூர் போகிறார்கள்.

இவர்களுக்கு என்ன வேலை? கார் கழுவும் வேலை. வீட்டுக்காரர்கள் ஆபீசுக்குப் புறப்படும் முன் கார்கள் சுத்தமாக நிற்க வேண்டும்.

முன்பு இந்த வேலைக்கு ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பழைய துணியும் போதும். இன்று கடையில் பல பாட்டில்கள் வந்துவிட்டன. சக்கரத்துக்கு ஒன்று. பெயின்டுக்கு ஒன்று. டயருக்கு ஒன்று. எல்லாமே பளபளக்கும் என்கிறார்கள். எதை நம்புவது? எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

ஒரு மாமாவையும் ஒரு மருமகனையும் நினைத்துக்கொள்வோம். மாமா சயானில் பல வருடங்களாகக் கார் கழுவுகிறார். மருமகன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவன். ஒரு நாள் மருமகன் ஒரு பாட்டிலோடு வந்தான்.

“மாமா, இதைத் தெளிச்சா சக்கரம் ரெண்டே நிமிஷத்துல பளபளன்னு ஆயிடுமாம். கடைக்காரர் சொன்னாரு.”

மாமா தன் வலது கையை நீட்டினார். இரண்டு விரல் நுனிகள் சுருங்கியிருந்தன.

“இதுவும் ரெண்டு நிமிஷத்துல வந்ததுதான் மருமகனே. அன்னைக்கு ஒருத்தர் ஆசிட் கொடுத்தாரு. நானும் தேய்ச்சேன். சக்கரம் வெளுத்துப் போச்சு. ஒரு மாசச் சம்பளம் போச்சு. விரலும் இப்படி ஆச்சு. முதல்ல உட்காரு. அந்தப் பாட்டிலைப் பார்ப்போம்.”

நாமும் அவர்களோடு உட்காருவோம்.

பெயின்ட் எத்தனை அடுக்கு?

சயானுக்கு அடுத்த ரயில் நிலையம் குர்லா. அங்கே இருந்த பிரீமியர் ஆலையில்தான் பத்மினி கார்கள் செய்யப்பட்டன. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றால் பல வருடங்கள் அந்தக் கார்தான். 2023 அக்டோபரில் பத்மினி டாக்சிகளின் காலம் முடிந்தது.

அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் நிறப் பூச்சுதான் மேல் பூச்சு. பாலிஷ் போட்டுத் தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டும்.

இன்றைய கார்கள் அப்படி அல்ல. அவற்றில் பல அடுக்குகள் உண்டு. அடியில் துருப் பிடிக்காமல் காக்கும் பூச்சு. அதன் மேல் பிரைமர். அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. அதற்கு நிறம் கிடையாது. கார் மின்னுவது அந்தப் பூச்சால்தான்.

அந்தக் கண்ணாடிப் பூச்சு எவ்வளவு கனம்? நம் தலைமுடியை விட மெல்லியது. ரப்பிங் கம்பவுண்டு போட்டுத் தேய்க்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரைந்தது திரும்ப வளராது. அதனால் அடிக்கடி கம்பவுண்டு போடக் கூடாது.

தூசியோடு தேய்ப்பதும் கெடுதல். காய்ந்த தூசியில் மணல் துகள்கள் இருக்கும். காய்ந்த துணியால் துடைத்தால் அவை பெயின்டைக் கீறும். வெயிலில் பார்த்தால் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்குங்கள். பிறகு துணியால் துடையுங்கள்.

இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஷாம்பு தண்ணீர். மற்றதில் நல்ல தண்ணீர். துணியை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பில் நனையுங்கள். மேலிருந்து கீழே துடையுங்கள். கீழே விழுந்த துணியை அலசாமல் எடுக்காதீர்கள். சக்கரத்துக்கு வேறு துணி.

பாத்திரம் விளக்கும் சோப்பு வேண்டாம். அது எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகச் செய்தது. காரின் மேல் போட்ட மெழுகையும் எடுத்துவிடும்.

காக்கை எச்சம் விழுந்தால் என்ன செய்வது? மாட்டுங்காவில் மரங்கள் அதிகம். இந்தத் தொல்லையும் அதிகம். நகத்தால் சுரண்டாதீர்கள். ஈரத் துணியை அதன் மேல் 5 நிமிடம் போட்டு வையுங்கள். ஊறியதும் மெதுவாக எடுத்துவிடுங்கள். வெயிலில் காய விட்டால் அது பூச்சை அரித்துவிடும்.

சக்கரம் ஏன் கறுப்பாகிறது?

சக்கரத்தில் இருப்பது தெருத் தூசி மட்டும் அல்ல. பிரேக் பிடிக்கும்போது பிரேக் பேடும் இரும்புத் தட்டும் உரசுகின்றன. அப்போது இரும்புத் தூள் பறக்கிறது. அந்தத் தூள் சூடாகச் சக்கரத்தில் படிகிறது. மழையில் துருப் பிடிக்கிறது. பிறகு சோப்புக்கு அசையாது.

முன் சக்கரங்கள்தான் அதிகம் கறுப்பாகும். ஏன்? பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. முன் பிரேக்குக்கு வேலை அதிகம்.

அலாய் வீல் என்பது பெரும்பாலும் அலுமினியக் கலவை. அதன் மேலும் மெல்லிய பூச்சு உண்டு. கழிப்பறை கழுவும் ஆசிட் அந்தப் பூச்சைக் கெடுக்கும். அலுமினியத்தையும் அரிக்கும். காஸ்டிக் சோடாவும் அப்படித்தான். இரும்பு நாரால் தேய்த்தால் கீறல் விழும். இந்த மூன்றும் வேண்டாம்.

இரும்புத் தூளை எடுக்கத் தனி மருந்து விற்கிறது. அதைத் தெளித்தால் சக்கரம் ஊதா நிறமாக மாறும். பயப்பட வேண்டாம். மருந்து இரும்போடு சேர்கிறது என்று அர்த்தம். அழுகிய முட்டை போல வாடை வரும். அதனால் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சக்கரம் ஆறியிருக்க வேண்டும். மருந்து காய்வதற்கு முன் கழுவிவிட வேண்டும்.

பாட்டிலைப் படியுங்கள்

மாமா பாட்டிலைத் திருப்பினார். பின்பக்கச் சீட்டை விரல் வைத்துப் பார்த்தார்.

ஆசிட் என்ற சொல் ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. ஏ, சி, ஐ, டி. இந்த நான்கு எழுத்தையும் யாரிடமாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டிலில் அவை இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

படங்களும் இருக்கும். சிவப்புக் கோட்டால் ஆன சாய்சதுரம். அதற்குள் கறுப்புப் படம். 2003-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட முறை இது. பல நாடுகளிலும் இதே படங்கள்தான். ஒரு படத்தில் குழாயிலிருந்து சொட்டு கையின் மேல் விழும். கை அரிந்திருக்கும். அது தோலையும் கண்ணையும் எரிக்கும் பொருள். தீப்பிழம்பு இருந்தால் தீப்பிடிக்கும் பொருள். மண்டை ஓடு இருந்தால் கடும் விஷம். சீட்டே இல்லாத பாட்டிலை வாங்காதீர்கள்.

சில சக்கர மருந்துகளில் ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் இருக்கும். அது மிகவும் ஆபத்தானது. கொஞ்சமாகக் கலந்திருந்தால் பட்டவுடன் வலி தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். அதற்குள் தோலுக்குள் இறங்கிவிடும். எலும்பையும் தாக்கும். உயிருக்கும் ஆபத்து. அந்தப் பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

எந்த மருந்து கையில் பட்டாலும் உடனே ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவுங்கள். மருந்து பட்ட சட்டையைக் கழற்றிவிடுங்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து வைத்துக் கழுவுங்கள். எண்ணெய், பற்பசை தடவாதீர்கள். எரிச்சல் இருந்தாலும், ஆசிட் என்று சந்தேகம் இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் என்றால் வலிக்காக் காத்திருக்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துப் போங்கள். டாக்டர் அதைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார். சயானில் மாநகராட்சியின் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆம்புலன்சுக்கு 108.

ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்காதீர்கள். விஷ வாயு வரும். எந்த மருந்தையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் யாராவது குடித்துவிடுவார்கள். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

முதலில் ஓர் ஓரத்தில்

மருமகனின் பாட்டிலில் அந்த நான்கு எழுத்து இல்லை. அரிந்த கைப் படமும் இல்லை. “சரி, சோதிச்சுப் பார்ப்போம்” என்றார் மாமா. “ஆனா முதல்ல கார்க்காரரைக் கேட்கணும்.”

சோதிக்கும் முறை இதுதான்.

1. கார்க்காரரிடம் அனுமதி கேளுங்கள். பழைய கீறல் இருந்தால் அப்போதே காட்டிவிடுங்கள். பிறகு பழி நம் மேல் வராது.

2. நிழலில் செய்யுங்கள். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் ஆறட்டும்.

3. ரப்பர் கையுறை போடுங்கள். தெளிக்கும் மருந்து என்றால் கண்ணாடியும் போடுங்கள்.

4. கண்ணுக்குத் தெரியாத சிறு இடத்தில் போடுங்கள். சக்கரத்தில் ஓர் ஆரக்காலின் உள்பக்கம் போதும். பெயின்டில் என்றால் கதவின் கீழ் ஓரம்.

5. பக்கத்து ஆரக்காலைச் சாதாரண ஷாம்பால் கழுவுங்கள். இரண்டையும் ஒப்பிடுங்கள். ஷாம்பே போதும் என்றால் மருந்து எதற்கு?

6. சீட்டில் போட்ட நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். நன்றாகக் கழுவுங்கள்.

7. மறுநாள் காலை வெளிச்சத்தில் பாருங்கள். வெளுத்திருக்கிறதா? மங்கியிருக்கிறதா? நன்றாக இருந்தால் மட்டும் முழுச் சக்கரத்துக்கும் போடுங்கள்.

பாலிஷ் சோதிக்க வெள்ளைத் துணி நல்லது. துணியில் காரின் நிறம் ஒட்டினால் நிறுத்திவிடுங்கள். அங்கே மேல் பூச்சு இல்லை என்று அர்த்தம்.

மெழுகைச் சோதிக்கத் தண்ணீர் போதும். கொஞ்சம் தெளியுங்கள். தாமரை இலையில் போல முத்து முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது. பரவிக் கிடந்தால் மெழுகு போய்விட்டது. ஒவ்வொரு வாரமும் இப்படிப் பாருங்கள். எந்த மெழுகு அதிக நாள் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. டயர் பாலிஷைப் பக்கவாட்டில் மட்டும் பூசுங்கள். தரையில் படும் பக்கத்தில் பூசினால் வண்டி வழுக்கும். பிரேக் தட்டில் எண்ணெயோ பாலிஷோ படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. காருக்குள் போகிறவர்களின் உயிர் அதில் இருக்கிறது.

எது மலிவு?

ஒரு கணக்குப் போடுவோம். முதல் பாட்டில் 500 மில்லி. விலை 150 ரூபாய். ஒரு காருக்கு 50 மில்லி தேவை. 10 கார் கழுவலாம். ஒரு காருக்கு 15 ரூபாய்.

இரண்டாம் பாட்டிலும் 500 மில்லி. விலை 300 ரூபாய். ஒரு காருக்கு 20 மில்லி போதும். 25 கார் கழுவலாம். ஒரு காருக்கு 12 ரூபாய்.

எது மலிவு? விலை கூடிய பாட்டில்தான் மலிவு!

சீட்டில் 1:10 என்று இருந்தால் என்ன அர்த்தம்? ஒரு மூடி மருந்துக்குப் பத்து மூடி தண்ணீர். கூட்டினால் பளபளப்பு கூடாது. செலவுதான் கூடும். கெடுதலும் கூடும்.

ஒரு சிறு நோட்டு

மறுநாள் மாமாவும் மருமகனும் அந்தச் சக்கரத்தைப் பார்த்தார்கள். மருந்து பட்ட ஆரக்கால் சுத்தமாக இருந்தது. மங்கவில்லை. ஷாம்பு போட்ட ஆரக்காலில் கறுப்பு மீதி இருந்தது. கார்க்காரரும் பார்த்தார். நான்கு சக்கரத்தையும் செய்யச் சொன்னார். தினமும் கழுவுவது ஒரு வேலை. இது தனி வேலை. மாமா தனிக் கூலி கேட்டார். அவரும் கொடுத்தார்.

மாமா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். மெதுவாக எழுதினார். தேதி. மருந்தின் பெயர். விலை. எத்தனை மூடி. எத்தனை நிமிடம். கடைசியில் ஒரு சொல்: நல்லது.

“எதுக்கு மாமா இதெல்லாம்? நமக்குத்தான் ஞாபகம் இருக்குமே.”

“எனக்கு எழுத்துத் தெரிஞ்சது போன வருஷந்தான் மருமகனே. அந்த நாலு எழுத்து அன்னைக்கே தெரிஞ்சிருந்தா இந்த விரல் தப்பியிருக்கும். இந்தா, அடுத்த வரியை நீ எழுது.”

எழுதிப் பாருங்கள்

1. சக்கரத்தில் கறுப்பு எப்படி வருகிறது?
2. மருந்தை ஏன் முதலில் ஓரத்தில் போட வேண்டும்?
3. கையில் மருந்து பட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?
4. 1 லிட்டர் ஷாம்பு 400 ரூபாய். ஒரு காருக்கு 25 மில்லி தேவை. ஒரு காருக்கு எவ்வளவு செலவு?
5. உங்கள் வீட்டில் உள்ள ஒரு பாட்டிலை எடுத்துச் சீட்டைப் படியுங்கள். அதில் என்ன எச்சரிக்கை இருக்கிறது?