அகஸ்டாவில் எங்கே உட்காரலாம்?

பெரிய கோல்ஃப் போட்டிக்கு நேரில் போகிறவர் பாதி ஆட்டத்தைக்கூடப் பார்க்க முடியாது. பல குழிகளில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும்; நாம் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் ஏப்ரல்தோறும் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டிக்குப் போகிறவர்கள், எதையெல்லாம் விட்டுவிடலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

டிக்கெட் குலுக்கலில்தான் கிடைக்கும். முந்தைய ஆண்டு ஜூன் மாதம் மாஸ்டர்ஸ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். திங்கள் முதல் புதன் வரை பயிற்சி நாட்கள். முதல்முறை போகிறவருக்கு இந்த நாட்களே மேல் என்பேன். கேமரா கொண்டுபோக அனுமதி உண்டு. 16ஆம் குழியில் ரசிகர்கள் கூச்சலிட்டுக் கேட்க, வீரர்கள் பந்தைக் குளத்து நீரின் மேல் தத்தவிட்டு அடித்துக் காட்டுவார்கள். போட்டி நாளில் இந்த விளையாட்டெல்லாம் கிடையாது.

செல்போனுக்கு எந்த நாளும் அனுமதி இல்லை. காரிலோ விடுதியிலோ வைத்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்குப் பேச உள்ளே இலவசத் தொலைபேசிகள் இருக்கின்றன. கூட வந்தவர்களை எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோரை ஆட்கள் கையால் மாற்றும் பலகையில் பார்த்துக்கொள்ளலாம். சிவப்பு எண் என்றால் வீரர் நன்றாக ஆடுகிறார். பச்சை என்றால் தடுமாறுகிறார்.

ஓடக் கூடாது என்பது இன்னொரு விதி. காலையில் வாசல் திறந்ததும் நடையும் ஓட்டமும் இல்லாத ஒரு வேகத்தில் எல்லாரும் விரைவது நாற்காலி போடத்தான். கைப்பிடி இல்லாத மடக்கு நாற்காலியில் பெயர் எழுதிப் போட்டுவிட்டு எங்கு வேண்டுமானாலும் சுற்றலாம். காலியாக இருந்தால் பிறர் உட்காரலாம். நாம் வந்ததும் எழுந்துவிட வேண்டும். பேருந்து ஜன்னலில் துண்டு போட்டு இடம் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்த மரியாதை ஆச்சரியமாகவே இருக்கும்!

எங்கே போடுவது? என் தேர்வு, 12ஆம் குழியில் முதல் அடி அடிக்கும் இடத்துக்குப் பின்னால். 11ஆம் குழிக்கு வந்து விழும் பந்துகளும் அங்கிருந்தே தெரியும். 12இன் தூரம் 155 கெஜம்தான். ஆனால் குறுக்கே ‘ரேஸ் கிரீக்’ என்ற ஓடை. மேலே திசை மாறிக்கொண்டே இருக்கும் காற்று. 2016இல் முன்னிலையில் வந்த ஜோர்டன் ஸ்பீத் இங்கே இரண்டு பந்துகளை நீரில் விட்டு, மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழிக்கு ஏழு அடி எடுத்தார். பட்டமும் போனது.

நட்சத்திர வீரரின் பின்னாலேயே நடப்பது வீண், தலைகள்தான் தெரியும். அவருக்கு ஒரு குழி முன்னால் போய்க் காத்திருங்கள். தொலைக்காட்சியில் சமதளமாகத் தெரிந்தாலும் திடல் முழுக்க ஏற்ற இறக்கம், ஆகவே பழகிய ஷூவாக அணியுங்கள். சாப்பாடு மட்டும் நம்ப முடியாத மலிவு. பிமென்டோ சீஸ் சாண்ட்விச் ஒன்றரை டாலர்தான்.

போட்டி முடியும் ஞாயிறு மாலை 18ஆம் குழியைச் சுற்றி முன்வரிசை வேண்டுமென்றால் காலையிலேயே நாற்காலி விழுந்திருக்க வேண்டும். தவறவிட்டவர்கள் 16க்குப் போய்விடுங்கள். அன்றைக்கு அங்கே கொடியை இடப்பக்கச் சரிவின் கீழே நடுவது வழக்கம். மேட்டில் விழும் பந்து மெல்ல உருண்டு குழியை நோக்கி இறங்கும்.