ஊர்ப்பெயர் தெரிந்தால் போதும்

1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அயர்லாந்தின் தென்கரையிலுள்ள குவீன்ஸ்டவுன் துறைமுகத்தில், ஆனி மூர் என்னும் கார்க் நகரத்துப் பெண் தம்பிமார் இருவரையும் அழைத்துக்கொண்டு 'நெவாடா' என்ற கப்பலில் ஏறினாள். 1892 ஜனவரி 1-ஆம் தேதி நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டபோது அதனுள் முதன்முதலாக அடியெடுத்து வைத்தவள் அவளே; அதிகாரிகள் பத்து டாலர் தங்க நாணயம் ஒன்றை அவள் கையில் கொடுத்து வரவேற்றார்கள். இவ்வளவு பிரசித்தி பெற்றவளின் பிற்கால வாழ்க்கையே நெடுநாள் தவறாகச் சொல்லப்பட்டு வந்தது. டெக்சாஸில் டிராம் வண்டி மோதி இறந்துபோன வேறோர் ஆனி மூரையே இவள் என்று உலகம் நம்பியிருந்தது. அந்தப் பெண்ணோ அமெரிக்காவிலேயே, இல்லினாய் மாகாணத்தில் பிறந்தவள். வம்ச ஆராய்ச்சியாளரான மேகன் ஸ்மோலென்யாக் ஆயிரம் டாலர் பரிசு அறிவித்துத் தேடத் தொடங்கிய பின்னரே, 2006-இல், தம்பி பிலிப்பின் குடியுரிமைப் பத்திரம் அகப்பட்டு, உண்மை வெளிப்பட்டது. மெய்யான ஆனி மூர் நியூயார்க்கை விட்டு அகலாமல், ஏழை எளியவர் நெருங்கி வாழ்ந்த ஒரு பகுதியிலேயே மணம் புரிந்து, பிள்ளைகளைப் பெற்று, 1924-இல் காலமாகி, பெயர் பொறித்த கல்லொன்றும் இல்லாத குழியில் அடக்கமாகியிருந்தாள்.

தங்க நாணயம் பெற்றவள் கதையே இப்படியானால், நாணயம் பெறாதவர்கள் கதையைச் சொல்லவும் வேண்டுமோ! 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, அதையே உணவாக நம்பியிருந்த குடியானவர்களைப் பஞ்சம் வாட்டியபோது, ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதற்குக் குறையாத தொகையினர் கடல் கடந்தார்கள். 1841-இல் 80 லட்சத்துக்கு மேலிருந்த ஜனத்தொகை 1851-இல் 65 லட்சமாயிற்று. அவ்வாறு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றவர்களின் சந்ததியார் இன்று பூர்வீகத்தை நாடிப் புறப்படும்போது, பெரும்பாலும் அவர்கள் கையிலிருப்பது 'அயர்லாந்து' என்ற ஒரே சொல்தான்.

அச்சொல் மட்டும் போதாமைக்குக் காரணம் ஒரு நெருப்பு. 1922 ஜூன் 30-ஆம் தேதி, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினிலுள்ள நீதிமன்ற மாளிகையின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. பல நூற்றாண்டுகளின் ஏடுகளும் உயில்களும், 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு ஜனத்தொகைக் கணக்குகளில் மிகப் பெரும்பகுதியும் சாம்பலாயின. அடுத்து எடுத்த நான்கு கணக்குகளையோ நெருப்புக்கு முன்பே சர்க்காரே அழித்துவிட்டிருந்தது. ஆகவே, நாடு முழுவதற்கும் முழுமையாக எஞ்சிய மிகப் பழைய கணக்கு 1901-இல் எடுத்ததுதான். பஞ்சத்தில் ஓடியவன் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே கப்பல் ஏறிவிட்டான்.

எனினும், ஏழையைச் சர்க்கார் மறந்தாலும் வரி வாங்குகிறவன் மறப்பதில்லை. கத்தோலிக்கரிடமிருந்தும் ஆங்கிலத் திருச்சபைக்காக வாங்கிய தசமபாக வரியின் புத்தகங்கள் 1823 முதல் 1837 வரைக்கும், ரிச்சர்ட் கிரிஃபித் மேற்பார்வையில் தயாரான நிலமதிப்பீடு 1847 முதல் 1864 வரைக்கும் கிடைக்கின்றன. இன்ன நிலத்தை இன்னார் வைத்திருந்தார் என்பதை இவை காட்டும்; இன்ன ஜமீன்தாரிடம் குத்தகைக்கு எடுத்தார் என்பதையும் நிலமதிப்பீடு காட்டும். தலைநகரில் பத்திரமாக இருக்கட்டும் என்று அனுப்பி வைத்த ஆங்கிலத் திருச்சபை ஏடுகளில் பாதிக்கு மேல் எரிந்துபோக, கிராமத்துக் கோவிலிலேயே கிடந்த கத்தோலிக்க ஏடுகள் தப்பிப் பிழைத்ததும் விதியின் விசித்திரமே. ஞானஸ்நானமும் விவாகமும் பதிவான அவ்வேடுகளை 2015 முதல் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் ஜேம்ஸ் என்பவன் லத்தீனில் 'யாக்கோபுஸ்' ஆகவும், வில்லியம் 'குலியெல்முஸ்' ஆகவும் மறைந்திருப்பார்கள்.

வயதையும் அப்படியே நம்பிவிடலாகாது. 1909-இல் எழுபது வயது கடந்தவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியபோது, பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியதாகையால், கிழவர் கிழவிகளிடம் சான்றிதழ் ஏது? 1839 ஜனவரி 6-ஆம் தேதி இரவு வீசிய பெருங்காற்று நினைவிருக்கிறது என்று சொல்லி வயதை நிலைநாட்டியவர் பலர். பழைய ஜனத்தொகைக் கணக்கில் தங்கள் பெயரைத் தேடித்தரும்படி வேறு சிலர் விண்ணப்பித்தனர். மூல ஏடுகள் எரிந்துபோன பின்பும், அந்தத் தேடலின் குறிப்புகள் எஞ்சி நிற்கின்றன.

இந்த ஏடுகளையெல்லாம் திறக்கும் சாவி ஊர்ப்பெயர் ஒன்றே. அயர்லாந்து 60,000-க்கு மேற்பட்ட 'டவுன்லாண்டு'களாகப் பிரிந்தது. பெயர் நகரத்தை நினைவூட்டினாலும், சராசரி 325 ஏக்கர் அளவுள்ள வயல்வெளியும் சில குடிசைகளுமே ஒரு டவுன்லாண்டு. 'பாலி' என்று தொடங்கினால் ஊர், 'கில்' என்றால் பெரும்பாலும் கோவில், 'நாக்' என்றால் குன்று. ஒரே பெயர் பல மாவட்டங்களில் வரும். அதிலும் மர்ஃபி, கெல்லி போன்ற பெயருடையோர் எங்கும் மலிந்திருப்பர். அங்கேதான் ஒரு பழைய வழக்கம் துணைக்கு வருகிறது: தலைமகனுக்குத் தந்தையின் தந்தை பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரையும் இடுவது பல குடும்பங்களின் மரபு. பெயரனே பேரன் ஆனான் என்று அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, அயர்லாந்துக்காரனின் வேரை முதலில் அயர்லாந்தில் தேடலாகாது. அவன் போய்ச் சேர்ந்த ஊரில்தான் தேடவேண்டும். 1850-இல் தொடங்கிய நியூயார்க் எமிக்ரண்ட் சேமிப்பு வங்கி, பணம் போட வந்தவரை அடையாளம் காண்பதற்காகப் பிறந்த இடத்தையும் பெற்றோர் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டது. பாஸ்டன் நகரத்துப் 'பைலட்' பத்திரிகை 1831 முதல் 1921 வரை, காணாமற்போன உற்றாரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. அண்ணனைத் தேடும் தங்கை அவன் பிறந்த ஊரையும், கப்பல் ஏறிய காலத்தையும், கடைசியாக வேலை செய்த இடத்தையும் அதில் சொல்வாள். அன்று பிரிந்தோர் ஒருவரையொருவர் தேடிய துயரமே இன்று பேரர்களுக்கு வழிகாட்டி. நேர் முன்னோரின் ஊர் தெரியாவிட்டால், கூடப் பிறந்தவர்களின் பத்திரங்களையும் கல்லறைகளையும் பார்க்கவேண்டும்.

ஆனி மூரைக் காட்டிக்கொடுத்ததும் தம்பியின் பத்திரமல்லவா? 2008-இல் அவள் கல்லறைமேல் அயர்லாந்துச் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய சிலுவையொன்று பெயரோடு நாட்டப்பட்டது. அவள் மறைந்து அப்போது 84 ஆண்டுகள் ஆகியிருந்தன.