திருடுபோன சைக்கிளுக்கு யார் சாட்சி?

வாசலில் நிறுத்திய கார் களவு போனால், அதைத் தேட மூன்று எண்கள் இருக்கின்றன: பதிவு எண், இயந்திர எண், அடிச்சட்ட எண். மூன்றும் மலேசியச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஏட்டில் உரிமையாளரின் பெயரோடு பதிவாகியிருக்கின்றன. மோட்டார் சைக்கிளுக்கும் இதே ஏற்பாடுதான். ஆனால், இருபது முப்பது ஆண்டு ஓட்டிப் பழகிய மவுண்டன் சைக்கிள் ஒன்று காப்பாரில் ஒரு கடை வாசலிலிருந்து காணாமற்போனால், அது யாருடையது என்று சொல்ல அப்படி ஓர் அரசாங்க ஏடு கிடையாது. மறுவாரமே அது கிள்ளானில் போலீஸ் கையில் அகப்பட்டாலும், "இது என் வண்டி" என்பவர் சொல்லுக்கும் "நான் காசு கொடுத்து வாங்கினேன்" என்பவர் சொல்லுக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல எழுத்தில் ஒன்றும் இருக்காது. சைக்கிளை மீட்கும் முயற்சி தோற்றால் திருடனின் சாமர்த்தியத்தையும் போலீசின் பாராமுகத்தையும் குறை சொல்கிறோம். பெரும்பாலும் காரணம் அவற்றுக்கு முந்தியது. வண்டியின் அடையாளம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. களவு போன சைக்கிள் திரும்பி வருமா வராதா என்பது, அது களவு போவதற்கு முன்பே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. அந்த முடிவை நம்மால் மாற்ற முடியும் என்பதே என் வாதம்.

ஒரு பழைய சைக்கிளுக்கு இத்தனை பாடு தேவையா என்று கேட்பவர்கள், மவுண்டன் சைக்கிள் பிறந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1970களில் கலிபோர்னியாவின் மரீன் வட்டார மலைப்பாதைகளில் வண்டியோட்டிய இளைஞர்கள், 1930களிலும் 40களிலும் வந்த தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, பிரேக்கும் கியரும் மாற்றிப் பூட்டித்தான் இந்த வகையையே உண்டாக்கினார்கள். 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைப்பாதைக்கென்றே புதிதாகச் சட்டகம் செய்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் பெருமளவில் விற்பனைக்கு வந்தது. அதன்பின் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த நல்ல வண்டிகள் பலவும் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகுக் குழாயில் செய்தவை. அந்த எஃகு லேசில் முறியாது. விரிசல் விட்டால் பற்றவைத்துக்கொள்ளலாம். இன்று கடைகளில் 27.5, 29 அங்குலச் சக்கரங்களே கோலோச்சுகின்றன. பழைய 26 அங்குலச் சக்கரத்தோடு அதே தரத்தில் புதிதாக ஒன்று வாங்க நினைத்தாலும் எளிதில் கிடைக்காது. காப்பார், மேரு பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களின் மண் சாலைகளுக்கு ஏற்ற வண்டி அது. தொழிற்சாலை வேலைக்குப் போய்வரும் எத்தனையோ பேருக்கு அதுவே கால். விற்கப் போனால் சில நூறு ரிங்கிட்டுக்கு மேல் தேறாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் பாகம் பாகமாக மாற்றி, உட்காரும் உயரமும் கைப்பிடியின் தூரமும் தன் உடம்புக்கேற்றபடி அமைத்துக்கொண்டவருக்கு, அதே காசைக் கையில் கொடுத்தாலும் அந்த வண்டி கிடைக்காது.

சட்டம் உரிமையாளர் பக்கமே நிற்கிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவின்படி திருட்டுக்கு ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். குடியிருக்கும் வீட்டிலிருந்து திருடினால் 380ஆம் பிரிவின்படி அது பத்து ஆண்டு வரை போகும். களவுப் பொருள் என்று தெரிந்தே வாங்குபவரையும், அப்படிச் சந்தேகிக்கத் தக்க காரணமிருந்தும் வாங்குபவரையும் 411ஆம் பிரிவு தண்டிக்கிறது. தனக்குச் சொந்தமில்லாததை ஒருவர் விற்றால், வாங்கியவர் சூதுவாது அறியாமல் முழு விலை கொடுத்திருந்தாலும், பொதுவாக அவருக்கு உரிமை வராது என்கிறது 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. பழைய பொருள் வாங்கி விற்கும் வணிகர்களுக்கு உரிமம் வேண்டும், கணக்கேடு வேண்டும் என்று 1946ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இத்தனை பிரிவுகளும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் உயிர் பெறுகின்றன: இந்த வண்டி இன்னாருடையது என்பதற்கு என்ன ஆதாரம்? காருக்கு அந்தப் பதிலை அரசாங்கமே வைத்திருக்கிறது. சைக்கிளுக்கு உரிமையாளர்தான் வைத்திருந்தாக வேண்டும்.

ஆதாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் டொரோண்டோ நகரம் மறக்கக்கூடாத பாடம். 2008ஆம் ஆண்டு கோடையில் அங்கே ஒரு பழைய சைக்கிள் வணிகர் கைதானார். அவர் கடையிலும் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்குகளிலும் 2,800க்கும் மேற்பட்ட சைக்கிள்கள் குவிந்து கிடந்தன. போலீஸ் அவற்றைப் பொதுமக்களின் பார்வைக்கு வைத்தது. தொலைத்தவர்கள் வரிசை பிடித்து வந்து தேடினார்கள். திருடன் பிடிபட்டாயிற்று, பொருளும் கிடைத்தாயிற்று, ஊரே அறிய அறிவிப்பும் கொடுத்தாயிற்று. அப்படியிருந்தும் உரிமையாளர்களிடம் திரும்பிச் சென்றவை அதில் ஒரு சிறு பகுதிதான். பலரிடம் சட்டக எண்ணும் இல்லை, ரசீதும் இல்லை, படமும் இல்லை. பலர் புகார்கூடச் செய்திருக்கவில்லை. அங்கே போலீசையோ சட்டத்தையோ குறை சொல்ல வழியில்லை. எழுதி வைக்காத ஒரு வரிதான் அத்தனை பேரின் வண்டியையும் கைக்கெட்டிய தூரத்தில் நிறுத்திவிட்டது.

அந்த ஒரு வரியை எழுதுவதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் தண்டுகள் இரண்டும் சேரும் இடத்தில் சட்டகத்தின் அடிப்பாகத்தைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு எண் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய வண்டியென்றால் காய்ந்த சேறும் கிரீசும் அப்பி, மேலே இரண்டு முறை பெயிண்டும் அடித்திருப்பார்கள். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் தாளில் எழும்பி வரும். அங்கே இல்லாவிட்டால் பின் சக்கரம் பூட்டும் கவையிலும், கைப்பிடிக்குக் கீழேயுள்ள குழாயிலும் பார்க்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு, வண்டியின் இரு பக்கமும் படம் எடுத்து, கூடவே அதற்கே உரிய தழும்புகளையும் கிட்டத்தில் படம் பிடிக்க வேண்டும்: குழாயில் விழுந்த நசுங்கல், பற்றவைத்த தடம், ஒன்றுக்கொன்று பொருந்தாத பெடல்கள். புதிய வண்டிகள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். பழைய வண்டிக்கு இந்தத் தழும்புகளே கைரேகை. இன்னொன்றும் செய்யலாம். இருக்கைத் தண்டை உருவி, பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய தாளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி உள்ளே போட்டு மூடிவிடலாம். வெளியே எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் உள்ளேயிருக்கும் பெயர் அழியாது.

களவு போன பிறகு செய்யவேண்டியவையும் இந்த ஆதாரத்தையே ஆணிவேராகக் கொண்டவை. முதல் வேலை போலீஸ் புகார். "சிவப்பு நிற மவுண்டன் சைக்கிள்" என்று எழுதினால் அது ஆயிரம் வண்டிகளுக்குப் பொருந்தும்; எண்ணும் தழும்பும் எழுதினால் ஒரே வண்டிக்குத்தான் பொருந்தும். புகார் கொடுத்து நான்கு வாரம் கழிந்ததும், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு புகார்தாரருக்குக் கொடுக்கிறது. கேட்ட இரண்டு வாரத்துக்குள் போலீஸ் பதில் தரவேண்டும். இந்த உரிமை பலருக்குத் தெரிவதே இல்லை. அடுத்து, சைக்கிள் பழுதுபார்க்கும் கடைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் படத்தைக் கொடுத்து வைப்பதும், முடா, கேரோசெல், ஃபேஸ்புக் விற்பனைப் பக்கங்களைக் கவனிப்பதும் உரிமையாளரின் வேலை. வண்டி அங்கே கண்ணில் பட்டால் விளம்பரத்தைப் படமாகச் சேமித்து விசாரணை அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். வாங்குபவரைப் போல் நடித்துத் தனியாகப் போய்ப் பிடுங்கிவருவது ஆபத்து. அடிதடியில் முடிந்தால் நியாயம் உள்ளவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும். வண்டியில் ஒளித்து வைக்கும் தடங்காட்டிக் கருவிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். வண்டி எங்கே இருக்கிறது என்று கருவி சொல்லும். யாருடையது என்று சொல்லாது, இன்னொருவர் வீட்டுக்குள் நுழைய அனுமதியும் தராது.

தனி மனிதரின் குறிப்பேட்டோடு இது நின்றுவிடக் கூடாது. மலாயாவில் ஒரு காலத்தில் நகராண்மைக் கழகங்கள் சைக்கிளுக்கும் உரிமம் கொடுத்தன. எண் பொறித்த சிறு உலோகத் தகடு வண்டியில் தொங்கியது. அந்த வழக்கம் மறைந்தது. ஜப்பான் வேறு வழியில் போனது. அங்கே 1994 முதல் சைக்கிளைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். வாங்கும் கடையிலேயே சில நூறு யென் கட்டிப் பதிந்து, சட்டகத்தில் எண் ஒட்டப்படுகிறது. இரவில் சைக்கிளோட்டியை நிறுத்தும் போலீஸ்காரர் அந்த எண்ணை வைத்தே உரிமையாளரைச் சரிபார்த்துவிடுகிறார். கனடாவின் வான்கூவரில் கட்டாயம் எதுவும் இல்லை. 2015இல் அந்நகரப் போலீஸ் 529 என்ற தன்னார்வப் பதிவுத் திட்டத்தோடு கைகோத்தது. மக்கள் தாங்களாகவே வந்து பதிந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் சைக்கிள் திருட்டு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததாக அத்திட்டத்தை நடத்தியவர்கள் சொன்னார்கள். அந்த இறக்கத்துக்கு வேறு காரணங்களும் துணை நின்றிருக்கலாம். ஆனாலும், பதிவு பரவினால் களவு வண்டியை விற்பது கடினமாகும் என்பது எளிதில் விளங்கும் நியாயம்.

இதற்கு மறுப்புகள் உண்டு. எண்ணை அரத்தால் தேய்த்து அழித்துவிட்டால் என்ன செய்வது என்பது முதல் மறுப்பு. அழிக்கலாம்தான், ஆனால் எண் அழிந்த வண்டியே வாங்குபவருக்கு ஓர் எச்சரிக்கை. படமும் தழும்பும் உள்ளே கிடக்கும் தாளும் அப்போதும் பேசும். நல்ல பூட்டு ஒன்று போதாதா என்பது இரண்டாவது. பூட்டு அவசியம், அதிலும் உறுதியான யூ வடிவ இரும்புப் பூட்டு நல்லது. ஆனால் பூட்டு திருட்டைத் தாமதப்படுத்தும், திருடுபோனதைத் திருப்பித் தராது. போலீசுக்கு இதைவிடப் பெரிய வேலைகள் இருக்கின்றன என்பது மூன்றாவது. உண்மைதான், அதனால்தான் அவர்கள் வேலையை எளிதாக்கிக் கொடுக்க வேண்டும். எண்ணோடு வரும் புகாரைச் சில நிமிடத்தில் ஒப்பிட்டுவிடலாம். எண் இல்லாத புகாரோடு எத்தனை நாள் அலைந்தாலும் பயன் இல்லை. கனமான மறுப்பு நான்காவது: பதிவு என்று தொடங்கினால் அது கட்டணமாகவும் அபராதமாகவும் மாறி ஏழைகள் மேலும் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் மேலும் விழாதா? இந்த அச்சம் நியாயமானது. ஆகவேதான் கட்டாயப் பதிவை நான் கேட்கவில்லை. இலவசமான, விருப்பப் பதிவே நமக்குப் பொருந்தும். பதியாதவருக்குத் தண்டனை கூடாது. பதிந்தவருக்குப் பாதுகாப்பு வேண்டும். சைக்கிள் பறிபோனால் அதிகம் தவிப்பவர் வேறு வாகனமில்லாத அந்தத் தொழிலாளிதான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வாங்குபவரின் பங்கும் இதில் பெரியது. களவு வண்டிக்கு விலை இருக்கும்வரை களவு நிற்காது. பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர், விற்பவரின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் கேட்டு எழுதி, சட்டக எண்ணோடு ஒரு துண்டுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும். நேர்மையாக விற்பவர் இதற்குத் தயங்கமாட்டார். தயங்குகிறவரிடமும், நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடத் துடிப்பவரிடமும் வாங்காமல் திரும்பிவிட வேண்டும். அந்த விலையின் மிச்சத்தை வேறொருவர் ஏற்கெனவே இழப்பாகக் கட்டியிருக்கிறார்.

காப்பார் போன்ற ஊருக்கு இதைத் தொடங்க எல்லா வசதியும் இருக்கிறது. 1975 முதல் இயங்கிவரும் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்தார் அமைப்பு பல தாமான்களில் உண்டு. தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, கோயில் மண்டபங்கள் இருக்கின்றன, வார இறுதிகளில் கூட்டமாக ஓட்டக் கிளம்பும் சைக்கிள் நண்பர்களும் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மேசை போட்டு, வரும் சைக்கிள்களைக் கவிழ்த்து எண் பார்த்து, படமெடுத்து, உரிமையாளர் கையில் ஓர் அட்டை கொடுத்தால், அன்று மாலைக்குள் வட்டாரத்துக்கென்று ஒரு பதிவேடு உருவாகிவிடும். பெயரும் எண்ணும் பிறர் கைக்குப் போகாதபடி பொறுப்பானவர் ஒருவரிடம் அது இருக்க வேண்டும். கிள்ளான் அரச மாநகர் மன்றமும் போலீசும் பின்னர் அதை ஏற்றுக்கொண்டு விரிவாக்கலாம். அவர்கள் தொடங்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. எண்ணைப் பார்த்து எழுதுவதை ஒவ்வொருவரும் இன்றே தம் வீட்டு வாசலில் செய்யலாம்.