நாற்பது நாள் நோன்பு, ஐம்பது நாள் திருநாள்



திருநீற்றுப் புதனன்று தொடங்கிய தவக்காலத்தை நாம் கவனமாகவே கடைப்பிடித்தோம். வெள்ளிதோறும் பிள்ளைகளைக் கைப்பிடித்துச் சிலுவைப்பாதைக்கு அழைத்து வந்தோம். ஆனால் பாஸ்கா திருவிழிப்பு முடிந்து, புத்தாடை உடுத்தி, மதியம் பிரியாணி உண்டதும், நம்மில் பலருக்கு உயிர்ப்புப் பெருவிழா முடிந்துவிடுகிறது. திருச்சபையோ அன்றுதான் தொடங்குகிறது. தூய ஆவியார் பெருவிழா வரையிலான 50 நாள்களையும் ஒரே திருநாளாகக் கொண்டாட அழைக்கிறது.

நம் திருத்தணிப் பிள்ளைகள் ஆடிக் கிருத்திகைக் காவடிகளைப் பார்த்து வளர்கிறவர்கள். மலைக்கோயிலின் 365 படிகளும் ஆண்டின் நாள்களைக் குறிக்கின்றன என்று பள்ளித் தோழர்கள் அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்தத் தோழன், “உங்க ஈஸ்டர்ல என்னடா விசேஷம்?” என்று கேட்டால் நம் பிள்ளை என்ன சொல்லும்? “முட்டை, கேக்” என்பதோடு நிறுத்திக்கொண்டால், அது பிள்ளையின் குறையல்ல, நம் குறை.

இந்த வழிபாட்டின் பொருள் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள், பெற்றோர் பதில் சொல்ல வேண்டும் என்று மோசே கற்பித்ததை விடுதலைப் பயணம் 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆகவே, பிள்ளைகள் கேட்கும்படியாக நம் இல்லங்களில் சிலவற்றைச் செய்வோம்.

திருவிழிப்பில் ஏந்திய மெழுகுதிரியை இரவுச் செபத்தில் ஏற்றுவோம். கோவிலில் உள்ள பாஸ்கா திரியில் ஐந்து சாம்பிராணி மணிகள் பதித்திருப்பது ஏன் என்று பிள்ளைகளிடம் கேட்போம். அவை இயேசுவின் ஐந்து காயங்கள். உயிர்த்த பின்னும் ஆண்டவர் தம் காயங்களை மறைக்கவில்லை என்று சொல்லிக்கொடுப்போம்.

அந்தக் காயங்களைக் காண விரும்பிய தோமாவைப் பற்றி, உயிர்ப்பின் எட்டாம் நாளாகிய இறை இரக்க ஞாயிறன்று நற்செய்தியில் கேட்கிறோம். கோடை விடுமுறையில் ஒருநாள் ரயிலேறிச் சென்னைக்குச் செல்வோம். அவர் உயிர்நீத்ததாக மரபு கூறும் பரங்கிமலையையும், அவருடைய கல்லறை உள்ள சாந்தோம் ஆலயத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். ஐயம் கொண்டவரே நம் மண் வரை நற்செய்தியைச் சுமந்து வந்தார் என்பதை அவர்கள் அறியட்டும்.

எம்மாவு சென்ற சீடர்கள் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நடந்தார்கள். நாம் ஒரு மாலையில், கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளைகளோடு சிறிது தூரம் நடப்போம். அவர்கள் பேச, நாம் கேட்போம். திரும்பி வந்து ஒன்றாக அமர்ந்து உண்போம்.

தாத்தாவையோ பாட்டியையோ இழந்த குடும்பங்கள், கல்லறைத் திருநாள் வரை காத்திராமல், இந்நாள்களிலேயே கல்லறைக்குச் செல்லலாம். “பாட்டி திரும்ப வருவாங்களா?” என்று குழந்தை கேட்டால், பேச்சை மாற்ற வேண்டாம். இயேசு உயிர்த்ததால் பாட்டியும் உயிர்ப்பார் என்று நாம் நம்புவதைச் சொல்வோம். நம் கண் கலங்கினாலும் பரவாயில்லை. மகதலா மரியாவும் அழுதுகொண்டிருந்தபோதுதான் ஆண்டவரைக் கண்டார்.

பிறகு, இனிப்புத் தட்டை அண்டை வீட்டுக்குப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்தனுப்புவோம். அங்கே “என்ன விசேஷம்?” என்று கேட்பார்கள். பதில் நம் பிள்ளையிடம் இருக்கும்.

உயிர்த்த ஆண்டவர் நம் குடும்பங்களோடு தங்குவாராக. அல்லேலூயா!