கடலை ஏரியாக்கிய ஆறு

தூர்ந்த துறைமுகங்கள் – 12

பாஃபா ஏரித் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். கடலோ பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தக் கரிப்பில் கடல் விட்டுப்போன பழைய உப்பும் உண்டு, நம் காலத்தில் ஏறிய புது உப்பும் உண்டு. இந்த வாரம் அந்த இரண்டு உப்புகளின் கதை.

எபேசுவின் துறைமுகத்தைச் சின்ன மெண்டெரஸ் ஆறு தூர்த்த விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்குத் தெற்கே, துருக்கியின் அதே ஏஜியன் கடற்கரைக்கு வந்து சேர்வது பெரிய மெண்டெரஸ். கிரேக்கர்கள் அதை மையாண்ட்ரோஸ் என்றார்கள். நேராக ஓடத் தெரியாத ஆறு அது. வளைந்து நெளிந்து செல்வதற்கு ஆங்கிலத்தில் உள்ள ‘மியாண்டர்’ என்ற சொல்லே இந்த ஆற்றின் பெயரிலிருந்து வந்ததுதான். மேட்டுநிலங்களில் காடு அழிந்து, உழவும் ஆட்டு மேய்ச்சலும் பெருகப் பெருக, மழையில் கரைந்த மண்ணையெல்லாம் ஆறு கடலுக்குச் சுமந்து வந்தது.

அது மண் கொட்டிய இடம் லாட்மிய வளைகுடா. வளைகுடாவின் வாயில் மிலேட்டஸ் நகரம் இருந்தது. விவிலியம் படித்தவர்களுக்கு அது மிலேத்து. எபேசுவின் மூப்பர்களிடம் விடைபெற்றுப் பவுல் கப்பலேறிய ஊர். இன்று அங்கே கப்பலும் இல்லை, கடலும் இல்லை. ஊருக்கு எதிரே இருந்த லாடே தீவு இப்போது சமவெளிக்கு நடுவில் ஒரு சின்னக் குன்று. கி.மு. 494இல் அந்தத் தீவை ஒட்டித்தான் பாரசீகக் கடற்படையும் அயோனிய நகரங்களின் கப்பல்களும் மோதின. அயோனியர் பக்கம் மட்டும் 353 கப்பல்கள் என்று ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். அந்தக் கப்பல்கள் மிதந்த சமவெளியில் இன்று பருத்தி விளைகிறது.

கிறிஸ்து பிறந்த காலத்தை ஒட்டி வாழ்ந்த புவியியலாளர் ஸ்ட்ராபோ இந்த ஆற்றைப் பற்றி ஒரு செய்தி எழுதியிருக்கிறார். ஆறு தடம் மாறி ஒருவர் நிலத்தை அரித்து அடுத்த கரையில் சேர்த்துவிட்டால், நிலத்தைப் பறிகொடுத்தவர் ஆற்றின் மீதே வழக்குத் தொடுப்பாராம். தீர்ப்பு ஆற்றுக்கு எதிராக வந்தால், ஓடத்துறைகளில் வசூலாகும் சுங்கப் பணத்திலிருந்து அபராதம் கட்டுவார்களாம். ஆற்றைப் பொறுப்புள்ள ஓர் ஆளாக நடத்திய அந்த ஊர்களை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

எல்லா ஊர்களும் வழக்காடித் தப்பவில்லை. இதே வளைகுடாவில் மியூஸ் என்றொரு நகரம் இருந்தது. அதன் கடற்கழியின் வாயை ஆற்றுமண் அடைத்தது. உள்ளே அகப்பட்ட நீர் குட்டையானது. குட்டையிலிருந்து கொசு கிளம்பியது. கொசுவைத் தாங்க முடியாமல் மக்கள் தங்கள் தெய்வச் சிலைகளைக்கூடத் தூக்கிக்கொண்டு மிலேட்டஸில் குடியேறினார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அங்கே சென்ற பயணி பௌசானியஸ், வெள்ளைப் பளிங்கில் ஒரு டயோனிசஸ் கோயில் தவிர வேறெதுவும் அங்கே மிஞ்சவில்லை என்று எழுதுகிறார்.

பிறகு வந்த நூற்றாண்டுகளில் மண் முழு வளைகுடாவின் குறுக்கேயும் படிந்தது. தென்கிழக்கு மூலையில் கடலின் ஒரு துண்டு மட்டும் உள்ளே சிக்கிக்கொண்டது. அதுதான் பாஃபா ஏரி. பரப்பு ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர்.

ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிறது கப்பிகிரி என்ற சிற்றூர். ஹெராக்ளியா என்ற பழைய துறைமுக நகரத்தின் மேலேயே அமர்ந்திருக்கும் ஊர் இது. இடிபாடுகளுக்கு வேலி போட்டு ஊரை வெளியே தள்ளவில்லை. ஆலிவ் மரங்களுக்கு நடுவே மதில், மாட்டுத் தொழுவத்தை ஒட்டி ஒரு கோபுரம் என்று எல்லாம் கலந்து கிடக்கின்றன. பழைய சந்தைத் திடலான அகோரா, ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு மைதானமாக இருந்தது. பாறை முனையொன்றில் ஏத்தெனா கோயிலின் சுவர்கள், சாந்து வைக்காமல் அடுக்கிய பெரிய கற்களோடு இன்றும் நெடிது நிற்கின்றன. நகரின் மதிலோ மலைமேல் ஏறி இறங்கிச் சுமார் ஆறரை கிலோமீட்டர் ஓடுகிறது. கற்கள் உதிர்ந்துபோன இடங்களில், அவற்றை உட்காரவைக்கப் பாறையில் செதுக்கிய படுகைகள் மட்டும் படிக்கட்டுபோல் மேலேறிப் போகின்றன. எங்கும் போய்ச் சேராத படிக்கட்டு. அந்தப் பாறை வெட்டுகளைத்தான் நான் ஹெராக்ளியாவின் ஆகச் சிறந்த காட்சி என்பேன்.

கரையோரப் பாறைகளில் பெட்டிபோல் குடைந்து, மேலே கல்மூடி போட்ட கல்லறைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் சில இன்று தண்ணீருக்குள் கிடக்கின்றன. நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது என்பதற்கு அவையே சாட்சி.

நகருக்குப் பின்னால் எழும் லாட்மோஸ் மலையைத் துருக்கியர் பெஷ்பர்மாக், அதாவது ஐந்து விரல், என்கிறார்கள். நிலவுத் தெய்வம் செலீனே காதலித்த எண்டிமியான் என்ற இடையன் இந்த மலையில்தான் என்றும் விழிக்காத உறக்கத்தில் கிடக்கிறான் என்பது கிரேக்கக் கதை. அவனுடையது என்று கருதப்படும் கோயிலின் பின்சுவரில் இயற்கைப் பாறைகளையே அப்படியே சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். பைசாந்தியக் காலத்தில் இதே மலைக்கும் ஏரித் தீவுகளுக்கும் கிறித்தவத் துறவிகள் வந்து மடங்கள் கட்டினார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் முந்தியவர்களும் உண்டு. 1994இல் ஜெர்மன் தொல்லியலாளர் அன்னெலீஸ பெஷ்லோ-பிண்டோகாட், இந்த மலையின் பாறை ஒதுக்குகளில் செந்நிற ஓவியங்களைக் கண்டறிந்தார். ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுப் பழமை. உலகின் பல குகை ஓவியங்களில் வேட்டையும் விலங்குகளும் நிறைந்திருக்கும். இங்கே அதிகம் இருப்பது மனிதர்கள்: ஆணும் பெண்ணும் இணையாக, குடும்பமாக, கூட்டமாக. இந்த மலைத்தொடரில்தான் பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய ஃபெல்ட்ஸ்பார் கனிமத்துக்காகப் பாறைகளை உடைக்கிறார்கள். ஓவியம் இருக்கும் பாறையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பாறைக்கு வெடி வைப்பது பாதுகாப்பு ஆகாது.

அதே 1994இல் பாஃபா ஏரி இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பறவைகளும் ஒரு முக்கியக் காரணம். குளிர்காலத்தில் நாமக்கோழிகள் கூட்டங்கூட்டமாக நீரில் கறுப்புத் திட்டாக மிதக்கும். நெற்றியில் வெள்ளை நாமத்தோடு நம் ஏரிகளில் நீந்தும் அதே பறவைதான். ஆழமற்ற ஓரங்களில் பூநாரைகள், நாணல் பக்கம் குட்டை நீர்க்காகங்கள். ஆனால் பாஃபாவின் பறவை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் டால்மேஷியன் கூழைக்கடாவைத்தான் சொல்வேன். இறக்கை விரித்தால் மூன்று மீட்டர் வரும். எடை பத்துக் கிலோவையும் தாண்டும். பிடரி இறகுகள் சுருண்டு கலைந்த தலைமுடிபோல் நிற்கும். இனப்பெருக்கக் காலத்தில் தாடைப்பை செம்மஞ்சளாகச் சிவக்கும். அது கூடு கட்டுவது மெண்டெரஸின் டெல்டாவில்; மீன் தேடி வருவது பாஃபாவுக்கு. அதற்கு ஆறும் டெல்டாவும் ஏரியும் ஒரே வீடு.

மனிதர்கள்தான் அந்த வீட்டைப் பிரித்தார்கள். மத்தியதரைக் கடல் நாட்டில் மழை குளிர்காலத்தில் பெய்யும். அப்போது மெண்டெரஸ் பெருகி ஏரிக்குள் பாயும். கோடை வெயிலில் ஆவியாகி உப்பேறிய நீர் மறுபடி இளகும். ஏரி உயிரோடு இருந்தது இந்த ஆண்டுச் சுழற்சியால்தான். 1980களில் வெள்ளத் தடுப்புக்காகவும் வயல்களுக்காகவும் ஆற்றுக்கும் ஏரிக்கும் நடுவே கரை எழுப்பினார்கள். மேலே அணைகளும் பாசனமும் ஆற்று நீரைக் குறைத்தன. வரவு குறைந்தது, வெயில் குறையவில்லை. உப்பு ஏறியது. கெண்டை போன்ற நன்னீர் மீன்கள் அருகின. மடவையும் விலாங்கும் கடலுக்கும் ஏரிக்கும் போய்வரும் வழி சுருங்கியது. நீர்ப்பாசி படர்ந்து மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்த ஆண்டுகளும் வந்தன. மீனை நம்பியிருந்த கரையோர ஊர்கள் ஆலிவையும் பயணிகளையும் நம்பத் தொடங்கின.

கரையை உடைத்தால் தீர்ந்துவிடுமா? இல்லை. மேலே உள்ள ஊர்களின் ஆலைக் கழிவுகளையும் வயல்களின் உரத்தையும் பூச்சிமருந்தையும் சுமந்து வருகிறது இன்றைய மெண்டெரஸ். அதை அப்படியே உள்ளே விட்டால் உப்புக்குப் பதில் நஞ்சு சேரும்.

பூங்காவுக்கு எல்லைக்கோடு போட்டவர்கள் ஏரியைச் சுற்றிப் போட்டார்கள். ஏரியின் உயிர் அந்தக் கோட்டுக்கு வெளியே, ஆற்றில் இருக்கிறது. மெண்டெரஸைத் தூய்மையாக்கி, குளிர்கால வெள்ளத்தில் ஒரு பங்கை ஒவ்வோர் ஆண்டும் பாஃபாவுக்குக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் எத்தனை அறிவிப்புப் பலகை நட்டாலும் அந்த ஏரி பிழைக்காது.

(அடுத்த வாரம்: மிலேட்டஸ்)