யூ.எஸ்.பி. வாயிலிருந்து சீரான மின்னழுத்தம்

கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் சிறு பெட்டி இல்லாத வீடு இன்று அரிது. விஞ்ஞானக் கண்காட்சிக்குச் செய்யும் பொருள்களுக்கும் அதனிடமிருந்தே மின் பெறும் வழக்கம் மாணவரிடையே பரவியுள்ளது. மின்கலம் வாங்கும் செலவில்லை. வேண்டிய 5 உவோற்றும் அங்கே ஆயத்தமாய் இருக்கின்றது என்பர். அந்த 5 என்னும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையே யாம் இங்கு ஆராயப் புகுந்தோம். தமிழாசிரியருக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என வினவும் பழைய மாணவரும் இருத்தல் கூடும். கருவிகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர் கேட்டு மாணவர் எம்மிடம் வருகின்றனர். பொருள் விளங்காமற் பெயர் சொல்லுதல் இயலாது.

முதலிற் சொல்லைத் தெளிவாக்குவோம். இலங்கைப் பாடநூல்களின்படி நீருக்கும் வாயுவுக்கும் உரியது அமுக்கம். மின்னுக்கு உரியது அழுத்தம். தமிழகத்தார் முன்னதையும் அழுத்தம் என்றே வழங்குவர். எமது வேறுபாடு நன்று. ஆயினும் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை விளக்கலாம். மேனிலைத் தொட்டியிலிருந்து நீண்டு ஒடுங்கிய குழாய் வழியே நீர் வருகின்றது எனக் கொள்க. கடைவாய் மூடியிருக்கும்போது அங்கே அமுக்கம் முழுமையாய் நிற்கும். திறந்து நீர் ஓடத் தொடங்கியதும் அது குறையும். ஓட்டம் மிகுந்தோறும் குறைவும் மிகும். மின்னின் இயல்பும் இத்தகையதே.

யூ.எஸ்.பி. முறை 1996-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2000-ஆம் ஆண்டில் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, 500 மில்லியம்பியர் வழங்கும் வாயில் அழுத்தம் 4.75 முதல் 5.25 உவோற்று வரை இருக்கலாம் என விதித்தது. ஆகவே 5 என்பது ஓர் எல்லைக்குள் நின்றாடும் அளவின் பெயரேயாம். அவ்வாட்டத்தோடு வடத்தின் குற்றமும் சேரும். மலிவான வடங்களுள் இருக்கும் 28-ஆம் இலக்கக் கம்பி, மீற்றருக்கு ஏறத்தாழ 0.21 ஓம் தடையுடையது. வடம் 2 மீற்றராயின் மின் போய் மீளும் வழி 4 மீற்றர். தடை ஏறத்தாழ 0.85 ஓம். அதனூடே அரை அம்பியர் ஓடினால் 0.43 உவோற்று வழியிலேயே இழக்கப்படும். புறப்பட்டது சரியாக 5 ஆயினும் போய்ச் சேர்வது 4.57 தான்.

மின்விளக்கு எரிய இக்குறைவு தடையன்று. அளக்கும் கருவிக்கோ இதனாற் பெருங்கேடு விளையும். முட்டை அடைகாக்கும் பெட்டியை எடுத்துக்கொள்வோம். காற்றாடி பூட்டிய பெட்டியில் வெப்பநிலை 37.5 பாகையளவில் நிற்றல் வேண்டும். எல்.எம். 35 என்னும் உணரி ஒரு பாகைக்கு 10 மில்லியுவோற்றுத் தரும், 37.5 பாகைக்கு 375. இதனை அளக்கும் ஆடுயினோ ஊனோப் பலகை, தனக்குக் கிடைத்த அழுத்தத்தை 1024 கூறாக்கி, உணரி தருவது அவற்றுள் எத்தனை கூறு என்றே எண்ணுகின்றது. நிரலை எழுதிய மாணவனோ அம்முழு அழுத்தம் 5 என்று கணித்திருப்பான். காற்றாடியும் பலகையும் ஒரே வடத்தில் அரை அம்பியர் இழுக்க, அது 4.57 ஆகின்றது. அப்பொழுது கருவி 37.5 எனக் காட்டுகையில் பெட்டியின் உண்மை வெப்பநிலை 34.3 பாகையே. திரையில் எண் ஒழுங்காய் நிற்கும். 21 நாள் காத்திருந்தும் குஞ்சு பொரியாது. நன்னூலார் நல்லாசிரியனுக்கு உவமை கூறிய நான்கனுள் நிறைகோலும் ஒன்று. கோலே சுருங்கி நீளுமாயின் நிறுத்த பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

அழுத்தத்தைச் சீராக நிறுத்தும் உறுப்புக்குச் சீராக்கி என்று பெயர். மூன்று கால்களுடைய 5 உவோற்றுச் சீராக்கியை 1970-ஆம் ஆண்டளவில் அமெரிக்கப் பொறியியலாளர் றொபேட் உவிட்லர் வடிவமைத்தார். அதனுள்ளே மாறாத சிறு அழுத்தம் ஒன்று உண்டாக்கப்படுகின்றது. வெளியே செல்லும் அழுத்தத்தின் ஒரு பங்கு ஓயாது அதனோடு ஒப்பிடப்படும். குறைந்தால் நடுவிலுள்ள திரான்சிற்றர் சற்றுத் திறக்கும்; கூடினால் சற்று மூடும். மேலதிகமாய் வந்த அழுத்தம் வெப்பமாய்க் கழியும். இவ்வகைச் சீராக்கி குறைக்க வல்லதே யன்றிக் கூட்ட வல்லதன்று. பலரும் வாங்கும் 7805 தன் வேலைக்கு ஏறத்தாழ 2 உவோற்று மிகையாய்க் கேட்கும். யூ.எஸ்.பி.யின் 5 உவோற்றை அதனுட் செலுத்தி 5 உவோற்று எதிர்பார்த்தல் வீண்.

3.3 உவோற்றுப் போதுமாயின் வழி எளிது. 1117 என்னும் இனத்துச் சீராக்கிக்கு 1.1 முதல் 1.3 உவோற்று வரை மிகை போதும். 5-இலிருந்து இறங்க 1.7 இருக்கின்றது. அரை அம்பியர் எடுத்தால் 0.85 உவாற்று வெப்பமாகும். கை வைத்தாற் சுடும். மெல்லிய வடத்தில் 4.57 வந்தால் மிகை 1.27 ஆகி, விளிம்பிலே நிற்கும். எனவே நல்ல வடமும் வேண்டும். உற்பத்தியாளர் விதித்த கொள்ளளவியை வெளிக்காலில் இணையாவிட்டால் சீராக்கி தானே அலையத் தொடங்குவதும் உண்டு.

சரியாக 5 உவோற்றே வேண்டின் முதலில் ஏற்றி மாற்றியால் 9-க்கு ஏற்றி, பின் 7805-ஆல் 5-க்கு இறக்கலாம். வெளியே 0.3 அம்பியர் பெற உள்ளே ஏறத்தாழ 0.6 அம்பியர் செலுத்தல் வேண்டும். பாதி ஆற்றல் வீணாகும். அடைகாக்கும் பெட்டிக்கு இச்சுற்றுவழி வேண்டுவதில்லை என்பது எம் கருத்து. அளவுகோல் ஒன்று மட்டும் அசையாதிருந்தாற் போதும். ஊனோப் பலகையிலேயே 3.3 உவோற்றுச் சீராக்கி உண்டு. அதன் காலை 'ஏரெவ்' என்னும் ஒப்பீட்டுக் காலோடு ஒரு கம்பியால் இணைத்து, வெளி ஒப்பீட்டைக் கொள்ளுமாறு நிரலில் முதலிலேயே கட்டளையிடுக; அக்கட்டளைக்கு முன் அளக்கப் புகுந்தாற் பலகை பழுதாகலாம். கணக்கிலும் 5-க்குப் பதில் 3.3 இடுக. உணரியை 5 உவோற்றிலேயே விடலாம். 4-க்குக் குறையாதவரை அதன் விடை மாறாது. காற்றாடிக்கு வேறு வடம் கொடுத்தல் இன்னும் நன்று.

முட்டை வைக்குமுன் பல்மானியால் அழுத்தத்தை அளந்து பார்த்தல் வேண்டும். மின்னேற்றியின் வாயில் அளத்தல் போதாது. வடத்தின் மறுமுனையில், பலகையின் 5 உவோற்றுக் காலிலே, காற்றாடி நிற்கும்போது ஒருமுறையும் சுழலும்போது ஒருமுறையும் அளக்க. பின்னர் ஒப்பீட்டுக் காலிலும் அவ்வாறே செய்க. முன்னதில் எண் இறங்கினும் பின்னதில் அசையாது நின்றால் முட்டைகளை அடைவைக்கலாம்.