பயிருக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, வீட்டுக்கு?

வங்கக் கடல் புயல் என்றால் அது கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் உரிய துன்பம் என்பது வேலூர், ஆம்பூர் பக்கத்து உழவர்களின் எண்ணம். கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது; பாலாறும் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கிறது. 1903-ஆம் ஆண்டில் பாலாறு பெருகி வாணியம்பாடியைச் சூறையாடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டதோடு சரி.

2021 நவம்பர் 19 அன்று அதிகாலை, புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது புயல்கூட அல்ல. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான். ஆனால் அன்று பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீடு இடிந்ததில் குழந்தைகள் உட்பட 9 பேர் மாண்டனர். பாலாறும் பொன்னையாறும் கரை புரண்டு ஓடின. கடற்கரையில் காற்று கூரையைக் கொண்டு போகிறது என்றால், இங்கே தண்ணீர் சுவரைக் கொண்டு போகிறது. அதுவும் மழை பெய்யும்போதே விழ வேண்டும் என்பதில்லை. மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய சுவர் இரண்டு நாள் ஊறி, மழை விட்ட பிறகும் சரியும்.

சிறு விவசாயிக்கு வீடு என்பது படுத்துறங்கும் இடம் மட்டுமன்று. விதைக் கடலை, நெல் மூட்டை, உர மூட்டை, நிலப் பத்திரம் எல்லாம் அதற்குள்தான். அப்படியிருந்தும், பயிருக்கு இன்ஷூரன்ஸ் செய்கிறவர்களில் பலர் வீட்டுக்குச் செய்வதில்லை. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் காரீப் பருவத்துக்கு 2 சதவீதம், ராபிக்கு 1½ சதவீதம் என்று உழவர் கட்டும் பிரீமியம் பயிரோடு நின்றுவிடும்; ஒரு செங்கல்லுக்கும் அது வராது.

அரசு நிவாரணம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2022-23 முதல் 2025-26 வரைக்கென்று வகுக்கப்பட்ட பேரிடர் நிவாரண நிதி விதிகளின்படி, சமவெளியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு ரூ.1,20,000, பகுதி சேதமான கெட்டி வீட்டுக்கு ரூ.6,500, பகுதி சேதமான கச்சா வீட்டுக்கு ரூ.4,000, வீட்டை ஒட்டிய மாட்டுக் கொட்டகைக்கு ரூ.3,000. ஒரு பக்கச் சுவர் மட்டும் விழுந்தவருக்குக் கிடைக்கும் ரூ.6,500 இன்றைய விலையில் இருபது மூட்டை சிமெண்டுக்குக்கூடக் காணாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் வீட்டு இன்ஷூரன்ஸ் தேவைப்படுகிறது.

2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பெயரில், எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே வாசகமுள்ள வீட்டுப் பாலிசி நடைமுறைக்கு வந்தது. தீ, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு ஆகியவை ஒரே பாலிசியில் அடங்கும். இது சிறிய வசதியன்று. சூறாவளி அடிக்கடி தாக்கும் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வழக்கமான வீட்டுப் பாலிசி காற்றுச் சேதத்தைக் கவனிக்கும், வெள்ளத்தைக் கவனிக்காது. வெள்ளத்துக்குத் தனியாக, 1968-இல் அந்நாட்டு அரசு தொடங்கிய திட்டத்தில் சேர வேண்டும். சேராதவர் கூரை போனதற்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு, தண்ணீர் புகுந்ததற்குக் கையைப் பிசைய நேரும்.

தொகையை நிர்ணயிப்பது எளிது. வீட்டின் உட்பரப்பை இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். மனையின் விலை சேராது. 500 சதுர அடி வீடு, சதுர அடிக்கு ரூ.1,800 செலவு என்று கொண்டால் ரூ.9 லட்சம். வீட்டுச் சாமான்களுக்குத் தனிப் பட்டியல் கொடுக்காமலே அதில் 20 சதவீதம், அதாவது ரூ.1,80,000 வரை காப்பு கிடைக்கும். இதற்கு உச்சவரம்பு ரூ.10 லட்சம். முன்பெல்லாம் பாதி மதிப்புக்குப் பாலிசி எடுத்தவருக்கு நஷ்டத்திலும் பாதிதான் கொடுப்பார்கள். இந்தப் பாலிசியில் அந்த வெட்டு இல்லை. எடுத்த தொகைக்கு உட்பட்டு நஷ்டம் முழுதும் கிடைக்கும். செங்கல் சுவரும் தளமும் உள்ள சிறு வீட்டுக்குப் பிரீமியம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயளவில் முடியும்.

வீட்டைவிட்டு முகாமுக்குப் போனவர்களுக்கு ஒரு செய்தி. வெள்ளம் அல்லது புயலைத் தொடர்ந்து 7 நாட்களுக்குள் சாமான் திருடு போனால் அதற்கும் இப்பாலிசியில் காப்பு உண்டு.

இனி, சிக்கல் வரும் இடங்களைப் பார்க்க வேண்டும். ஓலை, தார்ப்பாய்க் கூரை வீடுகளுக்குப் பிரீமியம் கூடும். சில கம்பெனிகள் தயங்கவும் செய்யும். அதற்காக ஓலை வீட்டை ஓட்டு வீடு என்று விண்ணப்பத்தில் எழுதினால், நஷ்ட ஈடு கேட்கும் நாளில் அதுவே எதிரியாகும். நாள்பட்ட தேய்மானம், கட்டுமானக் குறை ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது. மழை விட்டபின் விழும் சுவருக்கு இந்தக் காரணத்தைத்தான் காட்டுவார்கள். ஆகவே மழைக்கு முன்பே வீட்டின் நான்கு புறமும் போட்டோ எடுத்து வைத்திருப்பவர், சுவர் நன்றாக இருந்தது, வெள்ளத்தால்தான் விழுந்தது என்று காட்ட முடியும்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளுக்கே உரிய ஒரு கவலை டேனரிக் கழிவு. தோல் தொழிற்சாலைகளின் கழிவைச் சுமந்துவரும் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தால், 'மாசுக்குக் காப்பு இல்லை' என்று யாராவது சொல்லக்கூடும். அந்த விலக்கு பாலிசியில் இருப்பது உண்மை. ஆனால் காப்புள்ள வெள்ளத்தாலேயே மாசு நேர்ந்திருந்தால் விலக்கு பொருந்தாது என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. அந்த வரியைக் காட்டிக் கேட்கலாம்.

வீட்டில் பெண்கள் ஷூ மேல்பாகம் தைக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். கம்பெனி கொடுத்த தோலும் தொழில் மிஷினும் வீட்டுச் சாமானாகக் கருதப்படா. அந்த வேலை நடப்பதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிட்டு, வேண்டுமானால் சிறு தொழிலுக்குரிய தனிப் பாலிசியைக் கேட்க வேண்டும். விற்பனைக்கு அடுக்கிய நெல் மூட்டைகளுக்கும் இதே நிலை வரலாம். கறவை மாட்டுக்குத் தனிப் பாலிசி. கழனியில் உள்ள மோட்டாருக்கும் தனி. மாட்டுக் கொட்டகை சேருமா என்பதை எழுத்து மூலம் கேட்டுத் தெளிவது நல்லது.

இன்னொன்று பட்டா. தாத்தா பெயரில் நத்தம் பட்டா, தகப்பனார் பெயரில் வீட்டு வரி ரசீது, குடியிருப்பது பேரன் என்ற நிலையில் உள்ள குடும்பங்கள் முதலில் பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுப் பாலிசி சுவருக்குத்தான் பணம் தரும், உயிருக்குத் தராது. கூடுதல் பிரீமியம் கட்டினால் வீட்டுக்காரருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் தலா ரூ.5 லட்சம் விபத்துக் காப்பைச் சேர்க்கலாம். 18 முதல் 70 வயது வரை உள்ள மற்றவர்களுக்கு, வங்கிக் கணக்கு மூலம் ஆண்டுக்கு ரூ.20 பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா இருக்கிறது. இயற்கைச் சீற்றத்தால் விபத்து நேர்ந்து மரணம் ஏற்பட்டாலும் அதில் ரூ.2 லட்சம் உண்டு.

பாலிசியை ஆடி, ஆவணியிலேயே எடுத்துவிட வேண்டும். வானொலியில் புயல் எச்சரிக்கை கேட்டபின் ஓடிப் பயனில்லை. வங்கிக் கடனில் கட்டிய வீடானால், பாலிசி இருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று மேலாளரிடம் கேட்டு நகல் வாங்கிக்கொள்ளலாம்.

சேதம் நேர்ந்தவுடன் கம்பெனிக்குப் போன் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். படிவத்தை 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் கழுவுமுன் போட்டோ எடுக்க வேண்டும். ஆபத்தான சுவரைத் தவிர மற்ற இடிபாடுகளை, சர்வேயர் பார்க்கும்வரை அள்ளாமல் விடலாம். அரசு நிவாரணத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் தனி மனு கொடுக்க வேண்டும். பாலிசி, பட்டா, வரி ரசீது ஆகியவற்றின் நகல்களைப் பாலிதீன் பையில் கட்டி, மேட்டில் உள்ள உறவினர் வீட்டிலும் ஒரு தொகுப்பு வைத்திருப்பது அவசியம். 2021-இல் பல வீடுகளில் முதலில் நனைந்தது டிரங்குப் பெட்டிதான்.